ஜெர்மனிக்கு வந்தால் முதலில் தபால் பெட்டியில் பெயர் ஒட்டுங்கள்

புதிதாக ஜெர்மனிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் குளிரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எவ்வளவு கனமான ஜாக்கெட் வேண்டும், ஷூவை அங்கேயே வாங்கிவிடுவதா, இங்கே வந்து வாங்குவதா என்று. குளிரை விடுங்கள், அது பழகிவிடும். வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றே ஒரு துண்டுத் தாளில் உங்கள் பெயரை எழுதி, கீழே வாசலில் இருக்கும் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். கட்டில், மெத்தை எல்லாம் அப்புறம்.

நான் ஒட்டவில்லை. பெட்டியில் முன்பு குடியிருந்தவரின் பெயர் இருந்தது, வீட்டுக்காரர் மாற்றுவார் என்று இருந்துவிட்டேன். சம்பளம் வந்தபோது பெரிய துண்டு விழுந்திருந்தது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அலுவலகத்தில் போய்க் கேட்டால், கணக்குப் பிரிவில் இருந்த அம்மா பொறுமையாக விளக்கினார்: உங்கள் வரி எண் எங்களுக்கு வரவில்லை, அதனால் ஆறாவது வரி வகுப்பில் பிடித்திருக்கிறோம். ஆறாவதுதான் இருப்பதிலேயே அதிகம் பிடிக்கும் வகுப்பு. அந்த 11 இலக்க எண் கடிதத்தில்தான் வரும். கடிதம் வந்திருக்கிறது, பெட்டியில் என் பெயரைத் தேடியிருக்கிறது, காணோம் என்று திரும்பிப் போயிருக்கிறது. பணம் பின்னால் கைக்கு வந்துவிட்டது என்றாலும் அந்த மாத வாடகைக்கு நண்பரிடம் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று.

காரணம் எளிது. இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டுக்குத் தனி எண் கிடையாது. தெருப் பெயர், கட்டட எண், அவ்வளவுதான் முகவரி. ஒரு கட்டடத்தில் இருபது குடும்பம் இருந்தாலும், தபால்காரர் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் அவரைப் பொறுத்தவரை நீங்கள் அங்கே இல்லை.

இதில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் இனிஷியல்காரர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உங்களுக்கு உங்கள் அப்பா பெயர் இருக்கும், மனைவிக்கு அவருடைய அப்பா பெயர், குழந்தைக்கு உங்கள் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்! மூன்றையும் ஒட்டுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில். குழந்தையின் மருத்துவ அட்டை, மனைவியின் விசா கடிதம் எல்லாம் அந்தந்தப் பெயருக்குத்தான் வரும். இன்னொன்று: மருத்துவர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது உங்கள் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்தே இருந்துவிடாதீர்கள். நான் இருந்திருக்கிறேன்.

அடுத்தது முகவரிப் பதிவு, ஆன்மெல்டுங் என்பார்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. 'இவர் என் வீட்டில் குடியேறிவிட்டார்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தரும் படிவமும் வேண்டும். அதைத் தர மறுக்கும் வீட்டை எடுக்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. வங்கிக் கணக்கு, வரி எண், விசா அட்டை என்று எல்லாம் இந்தப் பதிவில்தான் வந்து நிற்கும். பெரிய நகரங்களில் இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைப்பதே பாடு. அதனால் நேரம் பதிவு செய்த மின்னஞ்சலைப் பத்திரமாக வைத்திருங்கள், தாமதம் உங்களால் அல்ல என்று காட்ட உதவும். காலை ஏழெட்டு மணிக்கு இணையத்தில் பார்த்தால், யாரோ ரத்து செய்த நேரம் சில சமயம் மாட்டும்.

முகவரிப் பதிவுப் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மில் கிறிஸ்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு நிரப்ப வேண்டும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ எழுதினால், கட்டும் வருமான வரியின் மேல் 9 சதவீதம் தேவாலய வரியாகப் போகும். பவேரியாவிலும் பாடன் வுர்டம்பெர்க்கிலும் 8 சதவீதம். கொடுப்பதும் கொடுக்காததும் அவரவர் விருப்பம். ஆனால் சம்பளச் சீட்டைப் பார்த்துத் திடுக்கிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பதிவு முடிந்த சில வாரங்களில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். ஏமாற்று வேலை என்று நினைத்துக் கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. ஏமாற்று அல்ல. மாதம் 18.36 யூரோ, 2021 ஆகஸ்டிலிருந்து இதுதான் தொகை. வீட்டில் டிவி இல்லை, ரேடியோ இல்லை என்று பதில் எழுதியும் பயனில்லை, கட்டணம் வீட்டுக்குத்தான். அதே காரணத்தால் ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். நான்கு பேர் சேர்ந்து இருக்கிறீர்கள் என்றால், கட்டுகிறவரின் கட்டணக் கணக்கு எண்ணை எழுதி மற்ற மூவரும் விலகிக்கொள்ளலாம். நால்வரும் தனித்தனியாக மாதக்கணக்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீடு எனக்குத் தெரியும்.

மஞ்சள் உறையில் ஒரு கடிதம் வந்தால் மட்டும் அன்றே பிரியுங்கள். நீதிமன்றம், அபராதம் மாதிரி விஷயங்கள் அப்படித்தான் வரும். பெட்டியில் போட்ட தேதியைத் தபால்காரர் உறையின் மேலேயே எழுதிவிடுவார். உறையைத் தூக்கிப் போடாதீர்கள், கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். போக்குவரத்து அபராத உத்தரவை மறுக்க இரண்டே வாரம். எனக்கு ஜெர்மன் தெரியாது, அதனால் படிக்கவில்லை என்பது இங்கே எடுபடாது. கைபேசியில் படம் எடுத்தால் மொழிபெயர்ப்பு வந்துவிடுகிறது, முதலில் அதைச் செய்யுங்கள். பிறகு கோப்பில் குத்தி வையுங்கள். ஜெர்மன்காரர் வீட்டில் புத்தகம் இல்லாமல் இருக்கலாம், ஓர்ட்னர் என்ற அந்தத் தடித்த கோப்பு இல்லாமல் இருக்காது. ஏன் என்று முதல் வருட முடிவில் புரியும்.

சரி, வீட்டுக்கு வருவோம். விளம்பரத்தில் கால்ட்மீட்ட, வார்ம்மீட்ட என்று இரண்டு தொகை இருக்கும். முதலாவது வெறும் வாடகை. இரண்டாவது சூடாக்கலும் தண்ணீரும் சேர்த்தது. மின்சாரம் பெரும்பாலும் இரண்டிலும் அடங்காது. முன்பணம் வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று தவணையாகத் தர உங்களுக்கு உரிமை உண்டு. நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணத்தை அனுப்புங்கள், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்று சொல்கிறவர் வீட்டுக்காரரே அல்ல. வீட்டைப் பார்க்காமல் ஒரு காசு தராதீர்கள்.

இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. சமையலறை என்று ஒரு வெற்று அறையைக் காட்டுவார்கள். சுவரிலிருந்து குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் கீழே தொட்டி கூட இருக்காது. கூரையில் விளக்குக்குப் பதில் இரண்டு கம்பி தொங்கும். முன்பு இருந்தவர் தன் சமையலறையையே கழற்றி எடுத்துக்கொண்டு போயிருப்பார். எல்லா வீடும் அப்படி இல்லை, ஆனால் பார்க்கப் போகும்போதே கேட்டுவிடுங்கள். காலி செய்கிறவரிடமே அதை விலைக்குப் பேசி வாங்கிக்கொள்வது நல்ல வழி. சாவி வாங்கும் நாளில் சுவர்க் கீறல், தரைக் கறை எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒப்படைப்புப் பத்திரத்திலும் எழுத வையுங்கள்.

குளிர்காலத்தில் ஜன்னலை இறுக மூடி ஹீட்டரை ஏற்றிவிட்டு மூன்று வேளையும் சமைத்தால், ஆவி போக வழியில்லாமல் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். காலி செய்யும்போது அந்தப் பஞ்சாயத்து முன்பணத்தில் கைவைக்கும். தினம் இரண்டு மூன்று தடவை ஹீட்டரை அணைத்துவிட்டு ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். ஒரு விரல் அளவு திறந்து நாள் முழுக்க வைப்பது வீண், காற்று மாறாது, சுவர்தான் குளிரும்.

இனி, கதவு. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. இங்கே பல வீட்டுக் கதவுகளுக்கு வெளிப்பக்கம் திருகும் பிடி கிடையாது, அசையாத குமிழ்தான். சாத்தினால் சாத்தியதுதான், சாவி இல்லாமல் திறக்காது. ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை, பனியனும் வீட்டுச் செருப்புமாக, குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். இரண்டாவது மாடியில் இருக்கும்போதே மேலே 'டப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, அவர் கைபேசியைக் கொடுத்தார். தேடியதில் முதலில் வந்த பூட்டுக்காரரை அழைத்தேன், விலை கேட்கவில்லை. வந்தவர் ஒரு வளைந்த பிளாஸ்டிக் தகட்டைக் கதவு இடுக்கில் விட்டு ஆட்டினார், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பில்லைப் பார்த்ததும் கம்பளி தேவைப்படவில்லை, உடம்பு சூடாகிவிட்டது. ஞாயிறு கூடுதல், வந்துபோகும் செலவு, இன்னும் என்னென்னவோ. அழைத்தால் போனிலேயே மொத்தத் தொகையைப் பேசிவிடுங்கள். அதைவிட, ஒரு மாற்றுச் சாவியை நம்பிக்கையான நண்பர் வீட்டில் வையுங்கள்.

சாவியைத் தொலைப்பது இதைவிடப் பெரிய வில்லங்கம். உங்கள் சாவி கட்டடத்தின் பொது வாசலையும் திறக்கும் என்றால், எல்லா வீட்டுப் பூட்டையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம். இதற்காகவாவது ஹாஃப்ட்பிளிஷ்ட் என்ற பொறுப்புக் காப்பீடு, அதாவது நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்தை ஈடுகட்டும் காப்பீடு, எடுங்கள். பெரும்பாலும் வருடத்துக்கு நூறு யூரோவுக்குள் முடிந்துவிடும். சாவி இழப்பும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். முகவர்கள் உங்களைத் தேடி வந்து பத்து வகைக் காப்பீடு விற்கப் பார்ப்பார்கள். மருத்துவக் காப்பீட்டுக்கு அடுத்தபடி எனக்கு முக்கியம் என்று படுவது இது ஒன்றுதான்.

மருத்துவக் காப்பீடு கட்டாயம். அரசு சார்ந்த திட்டத்தில் இருந்தால், வருமானம் இல்லாத மனைவியோ கணவரோ, குழந்தைகளோ கூடுதல் பணம் இல்லாமல் அதிலேயே சேரலாம். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு குடும்ப மருத்துவரைப் பிடித்து வையுங்கள், காய்ச்சலோடு அலையும்போது 'புதிய நோயாளிகளைச் சேர்ப்பதில்லை' என்று கேட்பது கொடுமை. பாராசிட்டமால்கூட மருந்துக்கடையில்தான் கிடைக்கும், சூப்பர்மார்க்கெட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மருந்துக்கடைகள் மூடியிருக்கும், முறை வைத்து ஒன்றிரண்டு மட்டும் திறந்திருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் 112. ராத்திரி காய்ச்சல், வயிற்றுவலி மாதிரி, காலைவரை பொறுக்க முடியாது, ஆனால் ஆம்புலன்ஸ் அளவுக்கும் இல்லை என்றால் 116117. போலீஸ் 110.

ஞாயிறு என்றதும் மற்றதையும் சொல்லிவிடுகிறேன். கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையத்துக் கடைகள்தான் கதி. அன்று சுவரில் துளை போடக் கூடாது, கண்ணாடிப் புட்டிகளைத் தெருத் தொட்டியில் போடக் கூடாது. மற்ற நாட்களில் இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி. மிக்ஸி அந்த நேரத்தில் வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் நேரில் வந்து சொல்ல மாட்டார், கடிதம்தான் போடுவார். ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலை நசுக்கிக் குப்பையில் போடாதீர்கள், ஒவ்வொன்றிலும் திரும்பக் கிடைக்கும் உங்கள் 25 சென்ட் முன்பணம் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும்.

ஓட்டுநர் உரிமத்தில் ஏமாறாதீர்கள். இந்திய, இலங்கை உரிமங்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அப்புறம் ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டிய குற்றம். எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் மறுபடி எழுத வேண்டும், எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம்.

வீட்டைக் காலி செய்வதானால் மூன்று மாதம் முன்பே, அதுவும் கையெழுத்திட்ட தாளில் சொல்ல வேண்டும். மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ செல்லாது. மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் கடிதம் வீட்டுக்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். ஒரு நாள் பிந்தினாலும் ஒரு மாத வாடகை கூடும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நான்கைந்து வாரம் விடுப்பில் ஊருக்குப் போகும்போது தபால் பெட்டிச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, மஞ்சள் உறை ஏதாவது இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் கட்டடத்தில் இந்த வேலை என்னுடையது. இப்போதும் என் மேசை இழுப்பறையில் மற்றவர்களின் பெட்டிச் சாவி மூன்று கிடக்கிறது.