மணலிலும் வீதியிலும் ஓடும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினை எந்த அளவில் மீளக் கட்டுவது?

பழைய யமஹா டி.ரி. 125 மோட்டார் சைக்கிள் ஒன்று இழுவை குறைந்து, கிக்கரை மிதித்தால் காலுக்கு எதிர்ப்பே தெரியாத நிலைக்கு வந்துவிட்டால், அதன் எஞ்சினை எந்த அளவில், எந்தப் பாகங்களைக் கொண்டு மீளக் கட்டுவது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கும். வாரத்தில் ஆறு நாள் தார் வீதியிலும் ஒரு நாள் மணற்காட்டு மணலிலும் ஓடும், காற்றால் குளிரும் வண்டியை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். யமஹா பிளாஸ்டர் போன்ற நாற்சக்கர மணல் வண்டி வைத்திருப்பவர்களும், அளவுகளை மட்டும் மாற்றிக்கொண்டு, இதே வழியைப் பின்பற்றலாம்.

புதிய பிஸ்டன் வாங்குவதற்கு முன்னர் பழைய பிஸ்டனைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவை உள்ளே வரும் இன்லெற் பக்கம் மங்கிச் சாம்பல் நிறமாகி, மேலிருந்து கீழாக நுண்ணிய கீறல்கள் ஓடியிருந்தால் மணல் உள்ளே போயிருக்கிறது. உச்சியின் விளிம்பு எறும்பு அரித்ததுபோலப் பொரிந்திருந்தால் அல்லது நடுவில் துளை விழுந்திருந்தால், எரிபொருள் தரம் குறைந்தது, காற்று மிகுந்தது, இக்னிஷன் (பிளக் பொறி) முந்தியது ஆகிய மூன்றில் ஒன்று நடந்திருக்கும். நான்கு மூலைகளிலும் தேய்ந்த அடையாளம் இருந்தால், இடைவெளி போதாமல் பிஸ்டன் விரிந்து இறுகியிருக்கிறது. இந்தக் காரணத்தைத் திருத்தாமல் போடப்படும் பிஸ்டன், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், பழையது போன வழியிலேயே போகும்.

அடுத்ததாக, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கைப் பார்க்க வேண்டும். பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கொன்றொட்டை மேலே பிடித்து நேராகத் தூக்கி அமுக்கும்போது சிறிதளவேனும் ஆட்டம் தெரிந்தால் பெரிய முனைப் பெயாரிங் முடிந்துவிட்டது. பக்கவாட்டில் தெரியும் அசைவு ஓரளவுக்கு இயல்பானதே. சிலிண்டருக்கு மட்டும் போர் அடித்து (உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி), ஆடும் கிராங்கின் மேல் புதிய பிஸ்டனைக் கட்டுவது நம்மிடையே அடிக்கடி நடக்கும் வீண்செலவு. கிராங்க் சீல்கள் இரண்டையும் கேட்காமலே மாற்றிவிடுங்கள். மக்னெற் பக்கச் சீல் கசிந்தால் எஞ்சின் வெளிக்காற்றை உறிஞ்சி, கலவை வறண்டு (பெற்றோலும் ஒயிலும் குறைந்து), பிஸ்டன் இறுகும். கிளச் பக்கச் சீல் கசிந்தால் கியர் ஒயிலை உறிஞ்சி வெண்புகை கக்கும்.

இனி சிலிண்டர். டி.ரி. 125இன் உள்விட்டம் 56 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 50 மி.மீ.; கொள்ளளவு 123 க.செ.மீ. போர் அடித்த சிலிண்டருக்கான ஓவர்சைஸ் (கூடிய அளவு) பிஸ்டன்கள் 0.25 மி.மீ. படிகளில் வரும். ஒரு முழு மில்லிமீற்றர் கூட்டி 57 ஆக்கினாலும் கொள்ளளவு 127.6 க.செ.மீ. தான் ஆகிறது. ஆகவே ஓவர்சைஸ் என்பது பலம் கூட்டும் வழியன்று. அது சிலிண்டரின் கையிருப்பைச் செலவழிப்பதாகும். 0.25இல் கீறல் முற்றாகப் போய்விடுமானால் 0.50க்குப் போகக்கூடாது. எல்லாப் படிகளும் முடிந்த சிலிண்டருக்குப் புதிய ஸ்லீவ் (உட்குழாய்) இறக்கி, மறுபடியும் ஸ்ராண்டர்ட் அளவிலிருந்து தொடங்கலாம். உட்சுவரில் நிக்கல் பூச்சுக் கொண்ட சிலிண்டர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவற்றைச் சாதாரண முறையில் போர் அடிக்க முடியாது.

பிஸ்டனை முதலில் வாங்கி, அதையும் கையில் எடுத்துக்கொண்டுதான் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், பிஸ்டனின் பாவாடைப் பகுதியை (றிங்குகளுக்குக் கீழுள்ள பக்கச் சுவரை) மைக்ரோமீற்றரால் அளந்து, அதன் தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியைக் கூட்டிப் போர் அடிக்கச் சொல்லுங்கள். வார்ப்புப் பிஸ்டனுக்கு இந்த அளவு வண்டிகளில் ஏறக்குறைய 0.05 மி.மீ. இடைவெளி வழக்கம். அடித்துச் செய்த ஃபோர்ஜ்ட் பிஸ்டன் சூட்டில் அதிகம் விரிவதால் அதற்கு இன்னும் கூடுதலாக விட வேண்டும். காலையில் சூடேறும் வரை அது தட்டும். பந்தயம் ஓடாதவருக்கு வார்ப்புப் பிஸ்டனே போதும் என்பது என் கருத்து.

போர் அடித்த பிறகு, சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போகும் துளைகளின் ஓரங்களை மெல்லச் சரித்து மழுக்க வேண்டும். ஒரு பட்டறையில் இதைச் செய்ய மறந்துவிட்டார்கள். நானும் விரலால் தடவிப் பார்க்காமல் பூட்டிவிட்டேன். நாற்பது கிலோமீற்றர்கூட ஓடவில்லை, பிஸ்டன் றிங் எக்ஸோஸ்ற் (புகை வெளியேறும்) துளையில் மாட்டி உடைந்து சிலிண்டரையும் கீறிவிட்டது. அன்றிலிருந்து விரலால் தடவாமல் எந்தச் சிலிண்டரையும் பூட்டுவதில்லை.

சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டைச் சீவி அமுக்கத்தைக் கூட்டுவது, எக்ஸோஸ்ற் துளையை உயர்த்துவது ஆகியவற்றை மணலில் ஓட்டுபவர் தவிர்ப்பது நல்லது. துளை உயர்ந்தால் மேல்வேகத்தில் பலம் கூடுமே தவிர, மணலில் தேவைப்படும் அடியிழுவை குறையும். அதைவிடப் பின் சக்கரத்தில் ஒன்றிரண்டு பல் கூடிய ஸ்புரொக்கற் போடுவது மலிவு. பிடிக்காவிட்டால் கழற்றிவிடவும் முடியும். ஏர் ஃபில்ரரை ஒயிலில் தோய்த்துப் பிழிந்து போடுவதும், ஃபில்ரர் பெட்டிக்கும் காபரேற்றருக்கும் இடையிலுள்ள ரப்பரில் வெடிப்பில்லை என்று உறுதிப்படுத்துவதும் எந்த விலையுயர்ந்த கிட்டையும் விட எஞ்சினின் ஆயுளைக் கூட்டும்.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் நம் யாழ்ப்பாணம். ஆயினும் மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் டூ ஸ்ட்ரோக் பிஸ்டனைப் பொரித்துவிடும் என்பதை அந்த அனுபவம் மறைத்துவிடக்கூடாது. ஹெட் சீவாத எஞ்சினுக்கு 92 ஒக்ரேன் போதும், ஆனால் நேரே நிரப்பு நிலையத்தில் அடித்ததாக இருக்கட்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஓடிய வண்டியை வாங்கியிருந்தால் காபரேற்றரில் பெற்றோலை அளந்து விடும் மெயின் ஜெற்றைப் பார்க்காமல் விடாதீர்கள். அங்குள்ள மெல்லிய காற்றுக்கு அளவாகச் சிறிய ஜெற் போட்டிருந்தால், கடல் மட்டத்து அடர்ந்த காற்றில் கலவை வறண்டுவிடும்.

ஒயில் விடயத்தில் நம் கரையோரத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. படகின் வெளியிணைப்பு எஞ்சினுக்கான ரி.சி.-டபிள்யூ.3 ஒயில் கைக்கு எட்டிய இடத்தில் கிடைக்கிறது என்பதற்காக அதை வண்டிக்கு ஊற்றுகிறார்கள். அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்காகக் கலக்கப்பட்டது. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு ஜாசோ (ஜப்பானியத் தரக்குறி) எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்று குறித்த ஒயிலே வேண்டும். ஒயிலைத் தானாக எஞ்சினுக்குச் செலுத்தும் ஒயில் பம்பை நீக்கியவர்கள் 32க்கு 1 என்ற கணக்கில் 5 லீற்றர் பெற்றோலுக்கு 156 மி.லீ. கலக்கலாம், பம்பை வைத்திருப்பவர்கள் அதிலுள்ள காற்றை வெளியேற்றிவிட்டு, முதல் தாங்கிக்கு மட்டும் பெற்றோலிலும் சிறிது கலந்துகொள்வது பாதுகாப்பானது.

பூட்டும்போது பிஸ்டன் உச்சியிலுள்ள அம்புக்குறி எக்ஸோஸ்ற் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடித்து வைக்கும் வளையங்கள் புதியவையாகவும், அவற்றின் வாய் நேர் மேலோ நேர் கீழோ இருக்கும்படியும் அமைய வேண்டும். பூட்டி முடித்ததும் இன்லெற்றையும் எக்ஸோஸ்ற்றையும் சைக்கிள் ரியூப் ரப்பரும் தகடும் வைத்து அடைத்து, பிளக் துளை வழியாகக் காற்றேற்றிப் பாருங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பந்தும் மானியும் இதற்குப் போதும்: 300 என்ற கோடு ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ. முள் ஆறு நிமிடம் அசையாமல் நின்றால் எஞ்சின் கசியவில்லை. விழுந்தால் சோப்பு நீர் தடவிக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள்.

முதல் நாளில் மூன்று தடவை சூடாக்கி முற்றாக ஆறவிட்டு, ஆறிய நிலையில் ஹெட் நட்டுகளை மறுபடியும் இறுக்க வேண்டும். முதல் 500 கி.மீ. வரை அக்சிலேற்றரைப் பாதித் திறப்புக்கு மேல் முறுக்காமல், ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடிக்காமல் ஓட்டுங்கள். குறிப்பாக, சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஆனையிறவுப் பாதையில் எதிர்க்காற்றுக்கு எதிராக முழுவதும் முறுக்கிப் பிடிக்க வேண்டாம். மணலுக்கும் அதுவரை போக வேண்டாம். அதன் பின்னர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் பகுதி வெளுத்திருந்தால் அன்றைக்கே ஒரு எண் பெரிய ஜெற் போடுங்கள்.