பயணத்துக்கு ஒரே ஜூம் லென்ஸ்: முதல் எண்ணைப் பாருங்கள்

ஒரே லென்ஸோடு பயணம் போக நினைப்பவர்கள் லென்ஸ் பெயரில் வரும் 18–200 போன்ற மி.மீ. எண்களில் பெரும்பாலும் கடைசி எண்ணைத்தான் பார்க்கிறார்கள், 200-ஆ 300-ஆ என்று. முக்கியமானது முதல் எண். அது சிறிதாக இருந்தால் காட்சி அகலமாகத் தெரியும். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் போயோ, படத்தை வெட்டியோ சமாளிக்கலாம். குறுகிய தெருவிலும் கோபுரத்தடியிலும் பின்னால் நகர இடம் கிடைக்காது. ஃபுல் ஃபிரேமுக்கு (பெரிய சென்சார் உள்ள கேமரா) 24 மி.மீ., கிராப் சென்சாருக்கு (அதைவிடச் சிறிய சென்சார்) 16 அல்லது 18-இல் தொடங்கட்டும். கிராப் கேமராவில் 24 போட்டால் 36 அளவுக்குத்தான் அகலம் தெரியும்.

அடுத்தது அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை. எண் கூடினால் துளை சிறிது. 3.5–6.3 என்றிருந்தால் ஜூம் நீள நீள உள்ளே வரும் வெளிச்சம் குறையும். எஃப்/4-இல் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600 போதும் என்ற மண்டபத்தில் எஃப்/5.6-க்கு 3200 வேண்டும். ஸ்டெபிலைசேஷன் கை நடுக்கத்துக்கு மட்டும்தான். நடந்து போகிறவர் படத்தில் கலங்கலாகத்தான் தெரிவார்.

கடையிலேயே இரண்டு சோதனை. கேமராவை, அப்பர்ச்சரை நாமே வைக்கும் ஏ மோடில் (கேனனில் ஏவி) வைத்து, அப்பர்ச்சர் எண்ணை ஆகக் குறைத்துவிட்டு ஜூம் வளையத்தை மெல்லத் திருப்புங்கள், 5.6 எந்த இடத்தில் வருகிறது என்பது திரையிலேயே தெரியும். பிறகு லென்ஸைத் தரையை நோக்கிப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். தானாக நீண்டால், தோளில் தொங்கும்போதும் நீண்டு எதிலாவது இடிக்கும். லாக் பொத்தான் இருந்தாலும் பெரும்பாலும் முழுக்கச் சுருக்கிய நிலையில்தான் பிடிக்கும்.

கிராப்புக்கு 18–135, ஃபுல் ஃபிரேமுக்கு 24–105 எஃப்/4 போதும் என்பது எங்கள் கணக்கு. 18–300 வகையில் நீளமான முனையில் கூர்மை குறையும். பறவை, விலங்கு எடுப்பவர்கள் மட்டும் அதை வாங்குவது பற்றி யோசிக்கலாம்.