முன்பாயை உட்கார்ந்த இடத்திலிருந்தே இறக்க ஒரு கயிறு

சின்னப் பாய்மரப் படகைத் தனியாக ஓட்டுபவருக்குப் பெரிய தொல்லை, காற்று ஏறும் நேரத்தில் முன்பாயை இறக்குவதுதான். சுக்கானை விட்டுவிட்டு ஆடும் படகின் முனைக்குப் போக வேண்டும். இதற்கு 5 அல்லது 6 மி.மீ. கயிறும் ஒரு சிறிய கப்பியும் போதும். (சுருட்டி வைக்கும் வகைப் பாய்க்கு இது தேவையில்லை, பாய்மர உச்சியிலிருந்து படகின் முனைக்கு வரும் கம்பியில் கொக்கிகளால் மாட்டும் பாய்க்குத்தான்.)

கயிற்றின் ஒரு நுனியைப் பாயின் உச்சி வளையத்தில் கட்டுங்கள். அங்கிருந்து மேல் கொக்கிகள் இரண்டு மூன்றின் உள்ளே மட்டும் நுழைத்துக் கீழே கொண்டுவாருங்கள். எல்லாக் கொக்கியிலும் நுழைத்தால் உராய்வு கூடி, இழுக்கும்போது சிக்கும். பாயின் கீழ் முன்மூலைக்குப் பக்கத்தில் கப்பியைப் பொருத்தி, அதன் வழியே கயிற்றைத் தளத்தின் ஓரமாக உங்கள் இருக்கை வரை கொண்டுவந்து ஒரு கிளீட்டில் (கயிற்றைச் சுற்றிக் கட்டி நிறுத்தும் பிடியில்) முடியுங்கள். பாயை ஏற்றும் கயிறும் அங்கேயே வந்தால்தான் முழுப் பலன்.

இறக்கும்போது பாயின் பின்மூலைக் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஏற்றும் கயிற்றை ஒரேயடியாக விடாமல், ஒரு கையால் லேசாகப் பிடித்தபடி விடுங்கள். இல்லையென்றால் தொய்ந்து மேலே எதிலாவது மாட்டிக்கொள்ளும். மறு கையால் இறக்கும் கயிற்றை இழுத்தால் பாய் கீழே வந்துவிடும். உடனே கிளீட்டில் கட்டிவிடுங்கள், காற்று மறுபடி அதை மேலே தூக்காது. அப்புறம், அடுத்த முறை பாயை ஏற்றுவதற்கு முன் அவிழ்க்க மறக்காதீர்கள்.