பெற்றோருக்கு இல்லம் தேடுகிறீர்களா? ராத்திரி ரெண்டு மணியிலிருந்து தொடங்குங்கள்

கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் போனால் மூத்தோர் குடியிருப்பு விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. மலையடிவாரக் காற்று, கோயில், நடைபாதை, யோகா கூடம் எல்லாம் படத்தில் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு உங்கள் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் ஆள் மட்டும் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். நீங்கள் தேடவேண்டியது அந்த ஆளைத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'சீனியர் ஹோம்' என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு சமாச்சாரங்கள் ஓடுகின்றன. ஒன்று, தாமாகவே நடமாடுகிறவர்களுக்கு வீடோ வில்லாவோ விற்கும் குடியிருப்பு. இரண்டாவது அசிஸ்டட் லிவிங்: மாத வாடகைக்கு அறை, சாப்பாடு, குளிக்கவும் உடுத்தவும் உதவி, வேளாவேளைக்கு மாத்திரை, எந்நேரமும் கூப்பிட ஆள். மூன்றாவது, படுக்கையிலேயே இருப்பவர்களுக்கான நர்சிங் பராமரிப்பு. இரண்டாவது வகை தேவைப்படும் அப்பாவுக்காக முதல் வகையில் வீடு வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய.

படி 1: ஒரு வாரம் குறிப்பெடுங்கள்

ஆறு விஷயங்களை மட்டும் கவனியுங்கள்: குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருவது, சிறுநீர் மலம் அடக்குவது, சாப்பிடுவது. ஒவ்வொன்றுக்கும் நேராக 'தானே', 'கொஞ்சம் கைகொடுத்தால்', 'முழுக்க இன்னொருவர்' என்று எழுதுங்கள். அவர்களிடமே கேட்டு எழுதாதீர்கள். "எல்லாம் நானே பண்ணிக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். 'குளிச்சாச்சு' என்று சொன்ன நாளில் துண்டைத் தொட்டுப் பாருங்கள், காய்ந்தே கிடக்கும். வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் குளிப்பதையே தள்ளிப்போடுவது இந்த வயதில் சகஜம்.

ராத்திரிக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். எத்தனை முறை எழுகிறார், எத்தனை மணிக்கு, எழுந்ததும் தலைசுற்றுகிறதா என்று குறியுங்கள். நீர் மாத்திரையைச் சாயங்காலம் போடுகிறவராக இருந்தால் அதைக் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சிலருக்கு அதிலேயே ராத்திரி நடை குறையும். அடுப்பை அணைக்க மறப்பது, தெரிந்த தெருவில் வழி தவறுவது போன்றவை இருந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள். மறதி நோயாளியைப் பார்த்துக்கொள்வது எல்லா இல்லத்துக்கும் வருகிற வேலையல்ல.

படி 2: தூரம்

வாராவாரம் போய்ப் பார்க்கப்போகிறவர் யாரோ, அவர் வீட்டிலிருந்து தூரம் கணக்கிடுங்கள். அமெரிக்காவில் இருக்கும் அண்ணனுக்கு விமான நிலையம் பக்கம் என்பதெல்லாம் கணக்கில் சேராது. அவசரச் சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு மாலை ஆறரை மணி நெரிசலில் ஒருமுறை நீங்களே வண்டி ஓட்டிப் பாருங்கள். அரை மணிக்கு மேல் ஆனால் அடிவாரக் காற்றை மறந்துவிடலாம்.

படி 3: போனில் ஒரே கேள்வி

"மொத்தம் நாற்பது ஸ்டாஃப் இருக்காங்க சார்" என்பார்கள். சமையல்காரர், தோட்டக்காரர், வாட்ச்மேன் எல்லாரும் அந்த நாற்பதில் அடக்கம். நீங்கள் இப்படிக் கேளுங்கள்: "ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை, எங்கப்பா இருக்கப்போற மாடியில எத்தனை பேர் முழிச்சிருப்பாங்க? அதுல நர்ஸ் யாரு, என்ன படிச்சிருக்காங்க?" ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), ஜி.என்.எம். (செவிலியர் டிப்ளமோ), பி.எஸ்சி. நர்சிங் என்று தெளிவாகப் பதில் வரவேண்டும். சில வாரம் பயிற்சி பெற்ற உதவியாளரையும் 'சிஸ்டர்' என்றே கூப்பிடுவார்கள். அவர் அன்பாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இன்சுலின் அளவைத் தீர்மானிப்பது அவர் வேலையல்ல. பகல் டியூட்டி பார்த்தவரே ராத்திரியும் நிற்கிறாரா என்றும் கேளுங்கள். தூங்கி வழிகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

படி 4: இரண்டு முறை நேரில்

முதல் முறை சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டாம் முறை சொல்லாமல், மாலை ஏழு எட்டு மணிக்கு. பல இடங்களில் ஷிப்ட் மாறுகிற, ராத்திரிச் சாப்பாடு முடிகிற நேரம் அது. வாசலிலேயே நிறுத்திவிட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

கையில் ஒரு அளவு டேப் எடுத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், அல்லது பக்கவாட்டில் நகரவேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், உடைத்துத்தான் போகவேண்டும். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க முடிகிறதா பாருங்கள். கைப்பிடிக் கம்பியில் உங்கள் முழு எடையையும் போட்டு இழுங்கள். துண்டு மாட்டும் கம்பியையே 'கிராப் பார்' என்று காட்டுகிற இடங்கள் உண்டு. அழைப்பு மணி சுவரில் நெஞ்சு உயரத்தில் மட்டும் இருந்தால் போதாது. விழுந்து கிடப்பவர் கைக்கும் எட்டும்படி, அதன் கயிறு தரைவரை தொங்கவேண்டும். அந்த மணியை அடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லையென்றால் பகலிலேயே இந்த லட்சணம் என்று அர்த்தம்.

சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் இருக்கவேண்டும். படி 15 செ.மீ. உயரமென்றால் சரிவு குறைந்தது 180 செ.மீ. நீளம். அதற்குக் குறைந்தால் ஒற்றை ஆள் சக்கர நாற்காலியைத் தள்ளுவது கஷ்டம். கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுதாகப் பதியவேண்டும்.

படுக்கையிலேயே இருப்பவர்கள் அங்கிருந்தால் அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கும் சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள், பெயர் தெரியவேண்டாம். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டுவது வழக்கம். ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகடி எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் ரத்த ஓட்டம் தடைபட்டுப் புண் வந்துவிடும். 'ஏர் பெட் போட்டிருக்கோம்' என்பது புரட்டுவதற்கு மாற்றாகாது. நீங்கள் பார்ப்பது பகல் இரண்டு மணி, சார்ட்டில் அன்று சாயங்காலம் நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் இப்போதே கையெழுத்து விழுந்திருக்கிறது என்றால், மேற்கொண்டு எதையும் பார்க்கவேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

சர்க்கரை நோயாளி என்றால் இன்னொன்று. ராத்திரிச் சாப்பாடு ஏழு மணி, காலை டிபன் எட்டரை என்றால் இடையில் பதிமூன்றரை மணி நேரம். இன்சுலின் போடுகிறவருக்கு நடுராத்திரி சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், உளறல் வரும். 'வயசாச்சு, உளர்றார்' என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. குளுக்கோமீட்டர் எங்கே, ராத்திரியில் அந்த அலமாரிச் சாவி யாரிடம் என்று கேளுங்கள்.

படி 5: பணமும் பத்திரமும்

மாதக் கட்டணம் என்று சொல்லும் தொகை ஆரம்பம்தான். டயப்பர், பிசியோதெரபி, தனி அட்டெண்டர், ஆம்புலன்ஸ், மருத்துவமனையில் கூட இருக்கும் ஆள், வரி இவையெல்லாம் தனி. டயப்பர் ஒன்று நாற்பது ரூபாய், நாளைக்கு மூன்று என்றாலே மாதம் 3,600 ரூபாய். உடல்நிலை ஒரு படி இறங்கினால் கட்டணம் எவ்வளவு ஏறும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் முதலில் படிக்கவேண்டியது வெளியேற்றும் விதி. உணவு செலுத்தும் குழாய் வைத்தால், ஆக்சிஜன் தேவைப்பட்டால், மறதி முற்றினால் வைத்துக்கொள்வார்களா? இல்லையென்றால் எத்தனை நாள் அவகாசம்? அடுத்து, இறந்துவிட்டால் டெபாசிட் எத்தனை நாளில், யார் கைக்கு வரும், மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கு முழுக் கட்டணமா என்பவை. வாய்வார்த்தை போதாது. வீடு வாங்கும் திட்டமென்றால் தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) தளத்தில் பதிவு எண்ணைச் சரிபாருங்கள்.

பெரியவர் தன் வீட்டைப் பிள்ளைக்கு எழுதிவைத்துவிட்டு இல்லத்துக்குப் போவதாக இருந்தால், 'பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைத் தானப் பத்திரத்திலேயே எழுதவேண்டும். பராமரிப்பு நின்றுபோனால் 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கான தீர்ப்பாயத்துக்குத் தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமை. முதியோர் உதவி எண் 14567.

படி 6: முதலில் ஒரு மாதம் மட்டும்

டெபாசிட் கட்டுமுன் பதினைந்து முப்பது நாள் தற்காலிகமாகத் தங்கவைத்துப் பாருங்கள். சனி, ஞாயிறில் கொண்டுபோய் விடாதீர்கள், மேனேஜரும் டாக்டரும் லீவில் இருப்பார்கள். திங்கள் அல்லது செவ்வாய் காலை நல்லது. மாத்திரைகளை அட்டையோடு கொடுங்கள், பிரித்து டப்பாவில் போட்டுக் கொடுத்தால் எது எதுவென்று யாருக்கும் தெரியாது. போன அன்றே எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் இரண்டு கிலோ குறைந்திருந்தால் சாப்பாடு பிடிக்கவில்லையா, ஊட்டிவிட ஆளில்லையா என்று விசாரிக்கவேண்டும்.

பத்து ராத்திரி கழித்துப் போகும்போது ராத்திரி மாத்திரை அட்டையை வாங்கி எண்ணுங்கள். முப்பது கொடுத்திருந்தால் இருபது இருக்கவேண்டும். இருபத்துமூன்று இருந்தால், மூன்று ராத்திரி அவர் அறைப்பக்கம் யாரும் மாத்திரையோடு வரவில்லை.