கற்பனை நாடாளுமன்றத்துக்கும் கணக்கு வேண்டும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் எழுத்து வட்டத்துக்கு வரும் இளையவர்கள் இப்போது கற்பனை நாட்டுக் கதைகளாக எழுதித் தள்ளுகிறார்கள். கிளர்ச்சி, முதல் தேர்தல், புதிய நாடாளுமன்றம். ஆசையாகத்தான் படிக்கிறேன். ஆனால் தேர்தல் முடிந்ததும் கதை படுத்துவிடுகிறது.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி கொண்டுவந்த கதையில், ஓட்டு எண்ணி முடிந்த இரவே அதிக இடம் பிடித்த கட்சியின் தலைவர் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் அடிக்கடி பார்க்கும் தவறு இது. அதிக இடம் வேறு, பெரும்பான்மை வேறு. மலேசியாவில் 2022 நவம்பர் 19இல் நாம் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்டோம். மக்களவையில் 222 இடம், ஆட்சி அமைக்க 112 வேண்டும். முதலில் வந்த அணிக்கு 82தான் கிடைத்தது. பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கை யாருக்கு இருக்கும் என்று மாமன்னர் கருதுகிறாரோ அவரே பிரதமர். அன்வார் இப்ராஹிம் பிரதமராகப் பதவியேற்றது 24ஆம் தேதி. நடுவில் ஐந்து நாள், சாப்பாட்டுக் கடைகளில் மேசைக்கு மேசை கூட்டல் கழித்தல். கதை அந்த ஐந்து நாளில்தான் இருக்கிறது. மாணவி அதை ஒரே வரியில் தாண்டிவிட்டார்.

எழுத உட்காரும் முன்பே எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்று ஒரு தாளில் குறித்துவிடுங்கள். அதே கதையில் 90 பேர் இருந்த கட்சிக்கு நான்கு அத்தியாயம் கழித்து 104 ஓட்டு விழுகிறது. யாரும் கட்சி தாவவில்லை! தாவட்டும், தப்பில்லை. அதற்கு என்ன விலை என்பதையும் சொல்லுங்கள். இங்கே 2022 அக்டோபரிலிருந்து, தாவும் எம்பியின் இடம் காலியாகிவிடும்.

அப்புறம், அவை கூடும் முதல் நாள். பிரதமர் எழுந்து நேராக மசோதாவைப் படிக்க மாட்டார். முதலில் சபாநாயகர் வேண்டும். உறுதிமொழி எடுக்காத எம்பிகூட அந்தத் தேர்வில் ஓட்டுப் போடலாம். 2022 டிசம்பர் 19இல் ஜொஹாரி அப்துலுக்கு 147 ஓட்டு, எதிர்த்து நின்றவருக்கு 74. ஜொஹாரி அப்போது எம்பி இல்லை. வெளியிலிருந்து வந்தவரும் சபாநாயகராகலாம். அந்த 147ஐக் கவனியுங்கள். அரசமைப்பைத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு என்றால் 148. ஒரே ஓட்டு குறைகிறது. அந்த ஒருவரைத் தேடி அலைபவர்களை எழுதிப் பாருங்களேன்.

மேலவையையும் மறந்துவிடுகிறார்கள். நம் மேலவையில் 70 பேர், ஒருவரைக்கூட மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. பொதுத்தேர்தலில் தோற்றவர் அந்த வழியாக அமைச்சராகவும் வரலாம்.

இன்னொன்று கோலாலம்பூரில் வளர்ந்தவர்களுக்கே வரும் தவறு. இங்கே சட்டமன்றம் கிடையாது, பொதுத்தேர்தலில் நமக்கு ஒரே ஓட்டுச் சீட்டு. அந்தப் பழக்கத்தில் கற்பனை நாட்டிலும் சட்டமன்ற உறுப்பினரை மறந்துவிட்டு, வாய்க்கால் அடைப்புக்கு எம்பியையே ஓடவிடுகிறார்கள்.

மாணவி போன வாரம் கதையைத் திருத்திக் கொண்டுவந்தார். முதல் பக்க மூலையில் பென்சிலால் 201, கீழே 101. ஒன்பது பக்கம் படித்தேன். பிரதமர் யார் என்று இன்னும் தெரியவில்லை. மீதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.