தேவசித்தத்தை அறிவது எப்படி? புதிதாக வேதம் வாசிப்பவர்களுக்கு

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடியும்போது மணி பன்னிரண்டரை ஆகிவிடும். எங்கள் ஊர்க் கோயில் வாசலில், வாக்குத்தத்த வசன அட்டைகளை, அதாவது தேவன் தரும் வாக்குறுதியாக ஒரு வேத வசனம் எழுதிய அட்டைகளை, கவிழ்த்துப் பரப்பிய தாம்பாளத்தோடு சபை ஊழியர் நிற்பார். இடுப்புக் குழந்தை முதல் கோல் ஊன்றிய தாத்தா வரை ஆளுக்கொரு அட்டை எடுப்போம். நெல்லைச் சீமையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த அட்டை ஆண்டு முழுக்க வேதாகமத்துக்குள் பத்திரமாக இருக்கும்.

இந்த ஜனவரியில் எங்கள் சேகரத்துத் (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) தம்பி ஒருவன் அப்படிப்பட்ட அட்டையோடு வீட்டுக்கு வந்தான். திடப்படுத்தல், அதாவது சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் ஆராதனை, பெற்று இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. அப்பாவுக்கோ வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். "அண்ணாச்சி, இந்த வசனம் என்னைப் போகச் சொல்கிறதா, இருக்கச் சொல்கிறதா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: கேள்வியை எழுதுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். "என் எதிர்காலம் என்ன?" என்பது கேள்வி ஆகாது. "அப்பா இந்த நிலையில் இருக்கும்போது நான் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வெளிநாடு போகலாமா? பதில் சொல்ல வேண்டிய நாள் எது?" என்று எழுதினால் அது கேள்வி. எழுதிய பிறகு அதை அப்படியே ஜெபமாகச் சொல்லுங்கள். யாக்கோபு 1:5 ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்கிறது. கேட்கச் சொல்லியிருப்பது ஞானத்தை என்பதைக் கவனியுங்கள். நாம் பெரும்பாலும் அவசரத்தில் விடையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறோம்.

இரண்டாம் படி: ஏற்கெனவே சொல்லப்பட்டதைப் பிரித்து வையுங்கள்

சில காரியங்களில் தேவசித்தம் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. நியாயம் செய், இரக்கத்தைச் சிநேகி, மனத்தாழ்மையாய் நட என்று மீகா 6:8 சொல்கிறது. எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது தேவசித்தம் என்று 1 தெசலோனிக்கேயர் 5:18 அந்தச் சொல்லையே போட்டுச் சொல்கிறது. இவற்றுக்கு அடையாளம் கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

தம்பியோடு மாற்கு 7-ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியை, "அது கொர்பான், காணிக்கையாகிவிட்டது" என்று சொல்லி நிறுத்தியவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். சொந்த வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. துபாயா, ஊரா என்று இந்த இரண்டு வசனங்களும் சொல்லவில்லை. சம்பாதித்து அனுப்புவதும் விசாரிப்புதான், கூடவே இருப்பதும் விசாரிப்புதான். ஆனால் எங்கே இருந்தாலும் அப்பாவைக் கைவிடக் கூடாது என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டான்.

மூன்றாம் படி: ஒரு புத்தகத்தை முதலிலிருந்து வாசியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். இதைத் தாண்டியதால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்த அட்டையில் ஏசாயா 54:2 இருந்தது. "உன் கூடாரத்தின் இடத்தை விசாலமாக்கு" என்று தொடங்கும் வசனம். வீட்டுக்கு மாடி எடுக்க வேண்டும் என்ற ஆசை அப்போதே மனத்தில் இருந்தது. வசனத்தின் நடுவே "தடைசெய்யாதே" என்று ஒரு சொல் வருகிறது. அது என்னைப் பிடித்துக்கொண்டது. "கணக்குப் பார்த்தீர்களா?" என்று என் மனைவி கேட்டாள். "வசனமே வந்துவிட்டது" என்றேன். அவள் நகையை அடகு வைத்தேன், வட்டிக்கும் வாங்கினேன். கான்கிரீட் போட்டதோடு பணம் தீர்ந்தது. மேலே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் மூன்று மழைக்காலம் நனைந்து துருப்பிடித்தன. கடனை அடைக்க ஏழு ஆண்டு ஆயிற்று.

அந்த ஏழு ஆண்டுகளுக்குள் ஒருமுறை ஏசாயாவை முதலிலிருந்து வாசித்து 54-க்கு வந்தேன். முதல் வசனம் "பிள்ளைபெறாத மலடியே" என்று அழைக்கிறது. சிறையிருப்பில் நொந்துபோன, பிள்ளைகளை இழந்த பெண்ணைப்போல் இருக்கிற சீயோனிடம், அதாவது எருசலேமிடம், 'உனக்கு இடம் போதாத அளவுக்கு ஜனம் பெருகும்' என்று தேவன் ஆறுதல் சொல்லும் இடம் அது. என் மாடி அதில் எங்குமே இல்லை. அதே வேதாகமத்தில் லூக்கா 14:28 இருக்கிறது. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொல்கிறார். என் மனைவி கேட்டதும் அதைத்தான்.

வாக்குத்தத்த அட்டையை நான் இன்றும் எடுக்கிறேன். அது தேற்றுகிறது; தேவன் உண்மையுள்ளவர் என்று நினைப்பூட்டுகிறது. முடிவெடுக்க அதை வைத்துக்கொள்வதில்லை.

புதியவர்கள் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்கலாம். பதினாறு அதிகாரம்தான், நாளுக்கு ஒன்று. கூடவே நீதிமொழிகளில் அன்றைய தேதிக்குரிய அதிகாரத்தை வாசியுங்கள். முப்பத்தொரு அதிகாரம் என்பதால் மாதத்துக்குச் சரியாக வரும். வாசித்தபின் நோட்டில் மூன்றுக்குப் பதில் எழுதுங்கள்: இது யாருக்குச் சொல்லப்பட்டது? தேவன் எப்படிப்பட்டவர் என்று இதில் தெரிகிறது? இன்று நான் எதை மாற்ற வேண்டும்? உங்கள் கேள்விக்கான பதிலை அந்தப் பக்கத்தில் தேடாதீர்கள். தேடினால் இல்லாததும் இருப்பதாகத் தோன்றும்.

கோயிலில் நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் உழைப்பால் 1871-இல் வந்தது. நம் இடையன்குடியில் ஊழியம் செய்த கால்டுவெல்லும் அந்தக் குழுவில் இருந்தார். அதன் ஓசை நம் காதில் ஊறியது. மனப்பாடத்துக்கு அதற்கு இணை கிடையாது. ஆனால் ஒரு வசனம் புரியாவிட்டால் புரிந்ததாக வைத்துக்கொண்டு நகராதீர்கள். பக்கத்தில் இன்றைய தமிழில் வந்த மொழிபெயர்ப்பு ஒன்றை வைத்து ஒப்பிடுங்கள்.

நான்காம் படி: மூன்று பேரிடம் கேளுங்கள்

வேதம் தெரிந்த ஒருவர், அந்த வேலையைப் பற்றித் தெரிந்த ஒருவர், உங்களிடம் "வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லத் தயங்காத ஒருவர். குருவானவர் முதல் வகையில் வருவார். மூன்றாமவர் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பார். "கர்த்தர் உன்னைப் பற்றி எனக்குச் சொன்னார்" என்று யாராவது வந்தால் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் "எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து" என்ற 1 தெசலோனிக்கேயர் 5:21 அதற்கும் பொருந்தும். மக்கெதோனியாவுக்கு வரச் சொல்லும் தரிசனத்தைக் கண்டவன் பவுல் ஒருவன்தான். ஆனால் அப்போஸ்தலர் 16:10-இல் "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று பன்மையில் இருக்கிறது. கூட இருந்தவர்களும் சேர்ந்துதான் முடிவுக்கு வந்தார்கள்.

ஐந்தாம் படி: சூழ்நிலையைக் கடைசியில் பாருங்கள்

"வாசல் திறந்தது, போய்விட்டேன்" என்று நம் ஊரில் நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். யோனா தீர்க்கதரிசி யோப்பாத் துறைமுகத்துக்குப் போனபோது தர்ஷீசுக்குக் கப்பல் தயாராக நின்றது, கூலி கொடுக்கக் கையில் பணமும் இருந்தது. அவன் ஓடிக்கொண்டிருந்தது தேவனை விட்டு விலகி.

வாசலில் வந்து நிற்கும் கடமையோ வேறு. நெல்லைச் சீமையில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், பெண்கள் குழுவோடு கிராமம் கிராமமாகப் போய் சுவிசேஷம் சொல்லிக்கொண்டிருந்தவர். 1901-இல் இந்துக் கோவிலுக்குத் தேவதாசியாக விடப்பட இருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். பின்னர் இன்னும் குழந்தைகள் வந்தார்கள். பயண ஊழியத்தை விட்டுக் குழந்தைகளைக் குளிப்பாட்டி உறங்க வைப்பதா என்ற கேள்வி அவருக்கும் எழுந்தது. சீஷர்களின் கால்களைக் கழுவத் துண்டைக் கட்டிக்கொண்ட ஆண்டவரை நினைத்து அந்த வேலையை ஏற்றார். டோனாவூர் குழந்தைகள் இல்லம் உருவானது அப்படித்தான். தாம் போட்ட திட்டம் அது அல்ல என்றாலும், 1951-இல் இறக்கும் வரை அந்த இடத்தை விட்டு அவர் போகவில்லை.

ஆறாம் படி: முடிவெடுங்கள்

பதில் சொல்ல வேண்டிய நாள் வந்தால் பதில் சொல்லிவிடுங்கள். முழு நிச்சயம் வரட்டும் என்று தள்ளிப்போட்டால் அடுத்தவர்கள்தான் காத்துக் கிடப்பார்கள். எடுத்த முடிவையும் காரணத்தையும் தேதியோடு எழுதுங்கள். என் அம்மாவின் வேதாகமத்தில், உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவி என்று சொல்லும் சங்கீதம் 37:5-க்குப் பக்கத்தில் பென்சிலால் நான்கு தேதிகள் இருக்கின்றன. ஒன்று என் அக்காவுக்குக் கல்யாணம் பேசிய நாள். மற்ற மூன்றும் என்னவென்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

தம்பி பிப்ரவரி கடைசி வரை தவணை கேட்டு வாங்கியிருக்கிறான். நேற்று இரவு போன் செய்தான். மாற்கு 9-இல், நோயாளி மகனோடு வந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறும் இடத்தில் நின்றுவிட்டானாம். "இதில் பதில் தேடவில்லை அண்ணாச்சி, ஆனால் இதை அப்பாவிடம் வாசித்துக் காட்ட வேண்டும்போல் இருக்கிறது" என்றான். இன்று காலை அப்பாவை டயாலிசிஸுக்குப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போகிறான். நான்கு மணி நேரம் கட்டிலருகே உட்கார வேண்டும். வேதாகமத்தையும் நோட்டையும் பையில் எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னான்.