ஒரே காலில் பிரேக்கும் அக்சிலேட்டரும்

பிரேக் பிடித்தபடியே கியரைக் குறைக்கும்போது, அதே வலது காலால் அக்சிலேட்டரையும் தட்டுவதை 'ஹீல் அன்ட் டோ' (குதிகால்-விரல்) என்பார்கள். அதைப் பழகிய முதல் இரண்டு வாரம் நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே இல்லை. உப்புவெளி வீட்டு முற்றத்தில், பழைய மனுவல் காரில் இருந்தபடி பாதத்தை மட்டும் பழக்கினேன். எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல்லாக இறுகும், பரவாயில்லை. வலது பாதத்தின் பெருவிரல் பக்கம் பிரேக்கில் இருக்கட்டும். வெளிவிளிம்பை உருட்டி அக்சிலேட்டரைத் தட்டுங்கள். பெடல்கள் நெருக்கமாக இருந்தால் குதிகாலே தேவையில்லை.

ஓடும்போது, பிரேக் அழுத்தம் மாறாமல் கிளட்சை மிதித்து, கியரை 3இலிருந்து 2க்கு மாற்றும் கணத்தில் அக்சிலேட்டரில் ஒரு தட்டு, உடனே கிளட்சை விடுங்கள். எஞ்சின் சுழற்சி சக்கர வேகத்தோடு பொருந்தினால் கார் குலுங்காது. எனக்குத் தட்டும்போதெல்லாம் பிரேக் கூடிவிடும். மெல்லிய அடியுள்ள சப்பாத்து போட்ட பிறகுதான் சரிவந்தது. நிலாவெளி வீதியில் மாடுகள் குறுக்கே வரும், அங்கே பழக வேண்டாம்.